ஜிகினா விழும் நாலு நிமிடம்

எங்கள் கல்யாணம் ஐந்து கேசட்டில் இருந்தது. அதில் நாலு நிமிடத்தை மட்டும்தான் நாங்கள் பார்த்திருந்தோம். மற்றதை நல்ல மெஷின் வந்ததும் மிக்ஸ் பண்ணலாம் என்று என் வீட்டுக்காரர் வைத்திருந்தார். ஆறு வருஷத்துக்கு மேல் வைத்திருந்தார்.

அவர் கல்யாண வீடியோ எடுப்பவர். கடலூர் மஞ்சக்குப்பத்தில் மைதானத்துக்குப் பின்னால் எங்கள் வீடு. முன் அறைதான் கடை. நான் எட்டாவது வரை படித்தவள். கல்யாணம் ஆகி வந்த பிறகு அவரிடமே மிக்ஸிங் கற்றுக்கொண்டேன். அவர் வெளியே போய் எடுத்து வருவார். நான் உள்ளே உட்கார்ந்து வெட்டுவேன், ஒட்டுவேன், பாட்டு சேர்ப்பேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. ஊரார் பிள்ளைகளின் கல்யாணம் எல்லாம் எங்கள் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும்.

மிக்ஸ் பண்ணி முடித்தால் வேலை முடிந்தது என்று வெளியே நினைப்பார்கள். அப்படி இல்லை. அந்தப் படத்தை டிஸ்க்கில் ஓடுகிற மாதிரி மெஷின் மறுபடியும் முதலிலிருந்து எழுத வேண்டும். ரெண்டர் என்போம். அதில் ஆளுக்கு வேலை கிடையாது. பிராசசர் எவ்வளவு வேகமோ அவ்வளவு சீக்கிரம் முடியும். 2005இல் எங்களிடம் இருந்த மெஷினில் மூன்று மணி நேரக் கல்யாணத்தை உயர்ந்த தரத்தில் போட்டால் ஒரு பகலும் ஒரு ராத்திரியும் போய்விடும். அடுத்த கல்யாண வீட்டுக்காரர் டிஸ்க் கேட்டு வாசலில் வந்து நிற்பார். அதனால் தரத்தைக் குறைத்துப் போடுவோம். குறைத்தால் படம் கட்டம் கட்டமாக உடையும். பட்டுப்புடவைச் சரிகை சேறு மாதிரி தெரியும். வாங்கிப் போகிறவர்களுக்கு அது தெரியாது. இவருக்குத் தெரியும். டிஸ்க்கைக் கொடுக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

"நம்மளத இந்த மாதிரி போட மாட்டேன்" என்பார்.

அந்த நாலு நிமிடம் இதுதான். மாதா கோயிலில் பூசை முடிந்து மண்டபத்தில் வரவேற்பு. நானும் அவரும் கேக் வெட்டுகிறோம். தலைக்கு மேல் கட்டியிருந்த பெரிய பலூனை யாரோ ஊசியால் குத்துகிறார்கள். உள்ளே இருந்த ஜிகினாத் தூள் முழுக்க எங்கள் மேல் விழுகிறது. வீடியோ லைட்டில் ஒவ்வொரு தூளும் தனித்தனியாக மின்னும். பையன்கள் நுரை அடிக்கிறார்கள். என் புடவை அரக்கு, பெரிய சரிகை.

எல்லாம் ஒரே நேரத்தில் அசைவதால் பிராசசருக்கு இதைவிடக் கஷ்டமான படம் கிடையாது என்று அவர் சொல்வார். அந்தத் துண்டை மட்டும் கேசட்டிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டார். எந்தப் புது மெஷின் வந்தாலும் அதே துண்டை, அதே தரத்தில் எழுதச் சொல்வார். எவ்வளவு நேரம் என்று பார்ப்பார். படத்தை மாற்றினால் கணக்கு செல்லாது, அதனால் மாற்றவே மாட்டார். எங்கள் முதல் மெஷினில் நான் உலை வைத்து, அரிசி போட்டு, சோறு வடித்துவிட்டு வந்தாலும் அந்த நாலு நிமிடம் முடிந்திருக்காது. அதில் எழுதிய முதல் டிஸ்க்கின் மேல் தன் கையால் 'முதல்' என்று எழுதி வைத்தார். இதுதான் அளவு, இதற்குக் குறைந்து எதுவும் இருக்கக் கூடாது என்றார்.

என் தம்பி சிதம்பரத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தான். பாகங்களை வரவழைத்து அவனே பூட்டிக் கொடுப்பான். காலேஜ் பிள்ளைகள்தான் அவனுக்கு வியாபாரம். புது பிராசசர் வந்தால் மாமாவுக்கு போன் பண்ணிவிடுவான். இவர் அந்தத் துண்டு இருக்கிற ஹார்ட் டிஸ்க்கைத் துவாலையில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறுவார். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் நானும் போவேன். சிப்காட் வந்ததும் கெமிக்கல் நாற்றத்துக்குப் பயந்து பஸ்ஸில் ஜன்னல்களை மூடுவார்கள். இவர் மட்டும் பையைத் திறந்து ஒருமுறை பார்த்துக்கொள்வார்.

ஒரு தடவை இரண்டு மெஷினைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் போட்டி விட்டார்கள். இரண்டுமே இரட்டைக் கோர் பிராசசர். ஆனால் வேறு வேறு கம்பெனி. கடைக்கு வந்த பிள்ளைகள் எல்லாம் சுற்றி நின்றார்கள்.

"இன்னா மாமா, மறுபடியும் உங்க கல்யாணமா?" என்றான் தம்பி. "எங்கக்கா இன்னும் எத்தினி தடவதான் கேக் வெட்றது?"

"வெட்டட்டும் மச்சான். உன் மெஷின் தாங்குதான்னு பாக்கணும்ல."

"இதுக்கு நீங்க ஒரு மெஷினையே கட்டிருக்கலாம்."

"கட்டிருப்பேன். உங்கப்பா முந்திக்கினாரு."

பிள்ளைகள் சிரித்தார்கள். ஒருத்தன், "யாரு சார் இந்தப் பொண்ணு?" என்று திரையைக் காட்டிக் கேட்டான். தம்பி என் பக்கம் கையை நீட்டினான். அந்தப் பிள்ளை திரையையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "ஓ" என்றான். எல்லாரும் மறுபடி சிரித்தார்கள். நானும்தான்.

அந்தப் போட்டியில் ஜெயித்ததைத்தான் வாங்கி வந்தோம். பழையதில் சோறு வடிக்கிற நேரம் என்றால் இதில் காபி போட்டு ஆற்றுகிற நேரம். இவர் 'முதல்' டிஸ்க்கையும் புது டிஸ்க்கையும் மாற்றி மாற்றிப் போட்டு, டிவிக்கு முன்னால் உட்கார்ந்து சரிகையைப் பார்த்தார். திருப்தி.

"அப்ப நம்மளத போட்ரலாமா?" என்று கேட்டேன்.

"முகூர்த்த நாளு. கைல எட்டு கல்யாணம் கெடக்குது. முடிச்சிட்டுப் போடலாம்."

முடித்தபோது வேறு எட்டு வந்தது. அப்புறம், இதைவிட வேகமாக ஒன்று வரப்போகிறதாம், அதில் போடலாம் என்றார். எனக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. கேசட் எங்கே போகப்போகிறது. உப்புக் காற்றில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க டின்னுக்குள் வைத்து மூடி, மாதத்துக்கு ஒருமுறை வெயில் படாமல் காற்றில் வைத்து எடுப்பேன். நன்றாகத்தான் இருந்தது.

என் மாமியார்தான் கேட்டுக்கொண்டே இருந்தார். "ஊர்ல இருக்கிறவன் கல்யாணத்தயெல்லாம் ஊருக்கே காட்ற. பெத்தவளுக்கு உன்னுத காட்ட மாட்டியாடா?" என்பார். "வர்ற கிறிஸ்துமஸுக்கும்மா" என்பார் இவர். மாமியார் ஒரு மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தார். அடக்கம் முடிந்து வந்த அன்றைக்கு இவர் அந்த டின்னை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். அப்புறம் எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டார்.

பிறகு கரண்ட் கட் வந்தது. முதலில் ஒரு மணி நேரம். வர வர ஜாஸ்தியாகி, எப்போது போகும் எப்போது வரும் என்று தெரியாத நிலைமை. ரெண்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் அதுவரை எழுதினது வீண். முதலிலிருந்து ஓட்ட வேண்டும். யூபிஎஸ் கொஞ்ச நேரம்தான் தாங்கும். பிராசசரைப் பற்றி நாங்கள் பேசுகிற பேச்சே மாறிப்போனது. எது வேகம் என்று யாரும் கேட்பதில்லை. 'ஒரு கரண்ட்டில் ஒரு கல்யாணம் முடியுமா' என்றுதான் கேட்போம். எங்கள் இரட்டைக் கோரில் முடியாது.

2011 நடுவில் தம்பி நாலு கோர் மெஷின் ஒன்றைப் பூட்டி, அவனே வேன் பிடித்து மஞ்சக்குப்பத்துக்குக் கொண்டுவந்து இறக்கினான். துண்டைப் போட்டார்கள். நான் காபிக்குப் பால் வைக்கக்கூட எழுந்திருக்கவில்லை, முடிந்துவிட்டது. நாலு நிமிடம் ஓடுகிற படத்தை இரண்டு நிமிடத்தில் எழுதியிருந்தது.

"பாத்தீங்களா மாமா. கல்யாணம் நடந்தத வுட வேகமா எழுதுது."

இவர் டிஸ்க்கை டிவியில் போட்டுப் பார்த்தார். முகம் மாறியது.

"வேகம் சரி மச்சான். படத்த அவிச்சிட்டுதே."

"என்னா அவிச்சிட்டுது?"

"ஜிகினாவ பாரு. பால்ல கரச்ச மாதிரி கீது. சரிகையே இல்ல."

தம்பி பார்த்தான். நானும் எட்டிப் பார்த்தேன். எனக்கு எப்போதும் போலத்தான் இருந்தது. ஆனால் படத்தைப் பற்றி அவர் சொன்னால் நான் எதிர்த்துப் பேசுவதில்லை. அவர் கண் அப்படி. எனக்குத் தெரியாதது அவருக்குத் தெரிகிறது என்றே நினைத்தேன்.

தம்பி மெமரியை மாற்றினான். அடுத்த வாரம் வந்து மானிட்டரை மாற்றினான். இவர் டிவிக்குப் புது வயர் வாங்கினார். டிவியின் கண்ணாடியைச் சோப்புப் போட்டுத் துடைத்தார். எல்லாவற்றுக்கும் பிறகு பழையபடியே, "பொக மாதிரிதான் இருக்குது" என்றார். மூன்றாவது தடவை தம்பி வந்தபோது வாய்ச்சண்டை ஆகிவிட்டது.

"இங்க பாருங்க மாமா. இது உங்க பழைய மெஷின் எழுதுனது, இது புதுசு எழுதுனது. ரெண்டு ஃபைலும் ஒரே அளவு. பிராசசர் வேகத்ததான் மாத்தும். படத்த மாத்தாது."

"அளவ வச்சிக்கினு இன்னா பண்றது? கண்ணால பாரு."

"கண்ணாலதான் பாக்குறேன். எனக்கு நல்லாத்தான் தெரியுது."

"தெரியும். உனக்கு மெஷின விக்கணும், நல்லாத்தான் தெரியும்."

தம்பி எழுந்தான். வயர்களைப் பிடுங்கினான். மெஷினைத் தூக்கிக்கொண்டு வெளியே போனான். நான் வாசல் வரை போனேன். "சாப்ட்டுப் போடா" என்றேன். "வேணாங்க்கா" என்றான். அதற்கப்புறம் போனும் இல்லை. அந்த மெஷினை வேறு ஆளுக்கு விற்றுவிட்டான் என்று பிறகு தெரிந்தது.

வாடிக்கைக்காரர்கள் யாரும் குறை சொல்லவில்லை. இவர்தான் எங்கள் பழைய மெஷின் எழுதுகிற படத்திலும் புகை வந்துவிட்டது என்று சொல்ல ஆரம்பித்தார். கேமராவைச் சந்தேகப்பட்டார். கேசட்டைச் சந்தேகப்பட்டார். ஒரு நாள் மதியம் சாப்பிட்டுவிட்டு, "அந்த 'முதல்' டிஸ்க்க எடு புள்ள. படம்னா எப்டி இருக்கணும்னு உனக்குக் காட்டுறேன்" என்றார்.

எடுத்துக் கொடுத்தேன். போட்டார். பலூன் உடைந்து ஜிகினா விழுந்தது. இவர் நாற்காலியை முன்னால் இழுத்தார். இன்னும் இழுத்தார். கடைசியில் எழுந்துபோய் டிவிக்கு முன்னால் குனிந்து நின்றார்.

"இத யாரு மாத்துனது?"

"யாரு மாத்துவாங்க? மேல உங்க கையெழுத்துதான் இருக்குது."

டிஸ்க்கை வெளியே எடுத்தார். பனியனில் துடைத்தார். மறுபடி போட்டார். அதே டிஸ்க், அதே டிவி, அதே நாலு நிமிடம். மாறாதது எல்லாம் எங்கள் முன்னால் இருந்தது. மாறியது எது என்று எனக்கு அப்போதுதான் பிடிபட்டது. அவருக்கும் பிடிபட்டிருக்க வேண்டும். திரும்பாமலே கேட்டார்.

"உனக்குத் தெரியுதா?"

"தெரியுது."

"சரிகை?"

"தெரியுது."

"ஜிகினா? தனித்தனியாவா?"

"தனித்தனியா."

டிவியை அணைத்தார்.

அவருக்குச் சக்கரை இருந்தது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே இருந்ததாம். மாத்திரையை நினைத்தால் போடுவார். வாரத்துக்கு மூன்று நாள் கல்யாணச் சாப்பாடு. பந்தியை எடுக்கப் போகிற கேமராக்காரனுக்கு இரண்டு இனிப்பு ஜாஸ்தி வைப்பார்கள். வேண்டாம் என்று சொல்லத் தெரியாது. அது கண்ணுக்குப் போகும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருப்போமா தெரியாது.

பாண்டிச்சேரியில் கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மருந்து விட்டு, விளக்கை அடித்துப் பார்த்தார் டாக்டரம்மா. வலது கண் ஏறக்குறைய போய்விட்டது, இடது கண்ணில் நடுவில் கொஞ்சம் பிழைத்திருக்கிறது என்றார். லேசர் வைத்தால் இருக்கிறதைக் காப்பாற்றலாம், போனது வராது என்றார்.

"புகை மாதிரி தெரியுதுன்னு எப்பலேர்ந்து சொல்றாரு?"

"நாலஞ்சு மாசமா."

"இத்தனை நாள் என்ன பண்ணீங்க?"

"மெஷின மாத்திக்கிட்டு இருந்தோம்" என்றேன். அந்த அம்மாவுக்குப் புரியவில்லை. நான் விளக்கவும் இல்லை.

லேசர் வைத்தார்கள். பஸ்ஸில் திரும்பும்போது கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார். ரெட்டிச்சாவடி தாண்டியதும், "நம்ம கல்யாணத்த மிக்ஸ் பண்ணு" என்றார். "இந்தக் கண்ணு இருக்கசொல்ல பாத்துடணும்."

வீட்டுக்கு வந்து தம்பிக்கு போன் பண்ணினார். அவரே பண்ணினார். "மச்சான், மெஷின்ல கோளாறு இல்லடா" என்றார். அந்தப் பக்கம் அவன் என்ன சொன்னான் என்று எனக்குக் கேட்கவில்லை. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் வந்து நின்றான். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். மாமாவுக்குப் பழம் ஆகாது என்பது வாங்கிய பிறகுதான் நினைவு வந்ததாம். இவர், "பரவால்ல, உங்கக்கா திம்பா" என்றார்.

அக்டோபர் கடைசியில் மிக்ஸிங் ஆரம்பித்தேன். ஐந்து கேசட்டையும் ஏற்றினேன். பூஞ்சை இல்லை. இவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார், ஆனால் திரையைப் பார்க்க மாட்டார். தெருப் பக்கம் திரும்பி உட்கார்ந்து காதால் கேட்டுக்கொண்டு, "இங்க வெட்டு", "இந்தப் பாட்டு வேணாம்" என்று சொல்லுவார்.

"இப்பவே பாத்துக்கிட்டே வாங்களேன்" என்றேன்.

"வேணாம். முழுசா ஆவட்டும். ஒரே தடவையா பாக்குறேன். இருக்கிற கண்ண சில்லறையா செலவு பண்ணக் கூடாது."

ஒருமுறைதான் சொன்னேன். இன்னொருமுறை சொல்லியிருக்கலாம்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலத்தில் எங்கள் கோயிலில் கல்யாணம் வைக்க மாட்டார்கள். அதனால் டிசம்பரில் கையில் வேலை குறைவு. கிறிஸ்துமஸுக்கு முன்பே மிக்ஸிங் முடிந்தது. ரெண்டர் போட்டேன். எங்கள் மெஷினில் ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கரண்ட் அவ்வளவு நேரம் தொடர்ந்து இருக்கவில்லை. பாதியில் போனது. மறுபடி போட்டேன், முக்காலில் போனது.

"தரத்த கொறச்சிப் போட்டா ஒரு கரண்ட்ல முடிஞ்சிடும்" என்றேன்.

"கட்டம் ஒடையும்."

"ஒடஞ்சா இன்னா, யாருக்குத் தெரி..." என்று வந்துவிட்டது வாயில். நிறுத்திக்கொண்டேன்.

அவர் கோபப்படவில்லை. "எனக்குத் தெரியும்" என்றார்.

தம்பி கடையில் நாலு கோர் மெஷின் இன்னொன்று பூட்டி வைத்திருந்தான். மாமாவுக்கென்று யாருக்கும் விற்காமல் வைத்திருந்தான். அதில் போட்டால் ஒரு கரண்ட் தாராளம். பண்டிகை முடிந்து முப்பதாம் தேதி ஹார்ட் டிஸ்க்கை எடுத்துக்கொண்டு நான் சிதம்பரம் போவதாகப் பேச்சு.

முப்பதாம் தேதி விடிகிற நேரத்தில் 'தானே' என்று பெயர் வைத்த அந்தப் புயல் எங்கள் மேல்தான் வந்தது. அந்தச் சத்தத்தைப் பற்றி எங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் எழுத வேண்டியதில்லை. எங்கள் முன் அறைக் கூரை சிமெண்டு ஷீட். அதில் ஒன்று பெயர்ந்து மெஷின் இருந்த மேசை மேல் சாய்ந்தது. தண்ணீர் கொட்டியது. நான் பின் அறையில் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வந்து பார்த்தால் இவர் அந்த ஷீட்டைத் தோளில் தாங்கிக்கொண்டு நிற்கிறார்.

"ஹார்ட் டிஸ்க்க கழட்டு! கழட்டிக்கினு உள்ள போ!"

"வுட்டுட்டு வாங்க! கனம் தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாங்க!"

"கழட்டுன்னு சொல்றேன்ல!"

கழற்றினேன். புடவையில் சுற்றிக்கொண்டு உள்ளே ஓடினேன். அவர் ஷீட்டைக் கீழே விட்டுவிட்டு வந்தார். காற்று அடங்கி வெளிச்சம் வந்த பிறகு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவர், "கண்ணுக்குள்ள யாரோ மை ஊத்துற மாதிரி இருக்குது புள்ள" என்றார். இடது கண்.

ரோடு முழுக்க மரம். பாண்டிச்சேரி போகவே சில நாள் ஆனது. உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது, வடிந்தால் தெரியலாம், மாதக்கணக்கில் ஆகலாம், சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா. பிறகு இன்னொரு தடவை லேசரும் வைத்தார்கள், ஆபரேஷனும் செய்தார்கள். வெளிச்சம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியும், அவ்வளவுதான் வந்தது. ஆனால் அது பின்னால். அந்த ஜனவரியில் எங்களுக்கு எதுவும் தெரியாது.

அவரைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு நான் சிதம்பரம் போனேன். வழி நெடுக கரண்ட் கம்பங்கள் படுத்துக் கிடந்தன. முந்திரி மரங்கள் வேரோடு. சிதம்பரத்தில் கரண்ட் இருந்தது.

தம்பி ஹார்ட் டிஸ்க்கை வாங்கி மாட்டினான். உயர்ந்த தரம் போட்டான். மெஷின் படத்தை ஒரு தடவை பார்த்து, இரண்டாம் தடவை எழுதுகிற முறை. பட்டனை அழுத்திவிட்டு எனக்கு எதிரில் உட்கார்ந்தான். சாப்பாடு வாங்கி வரச் சொல்லியிருந்தான். நாங்கள் சாப்பிட்டோம். அவன் எங்கள் அப்பாவைப் பற்றி, கடையைப் பற்றி ஏதேதோ பேசினான். ஒன்றரை மணி நேரம்கூட ஆகவில்லை. மூன்று மணி நேரக் கல்யாணம், முடிந்தது என்று திரை காட்டியது.

இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அன்னிக்கு அந்த மெஷின நான் தூக்கிக்கிட்டு வந்திருக்கக் கூடாதுக்கா" என்றான்.

"நீ வச்சிட்டு வந்திருந்தாலும் அவரு அதுல ஊரான் கல்யாணத்ததான் போட்ருப்பாரு."

அவன் கொஞ்சம் சிரித்தான். பிறகு கடைக்குப் பின்னால் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தான். இரண்டு டிஸ்க்கில் எழுதிக் கொடுத்தான். பஸ் ஏற்றிவிட்டான்.

எங்கள் தெருவுக்குப் பொங்கல் சமயத்தில்தான் கரண்ட் வந்தது. தெருவே கத்தியது. இவர் நாற்காலியில் இருந்தார்.

"டிஸ்க் இருக்குதா?"

"இருக்குது. கண்ணு தெளிஞ்சப்பறம் பாத்துக்கலாங்க. டாக்டர்தான் வடியும்னு சொன்னாங்களே."

"வச்சி வச்சிப் பாத்தது போதும். போடு."

போட்டேன். டிவிக்குப் பக்கத்தில் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டேன். நான் தரையில் உட்கார்ந்தேன். கோயில் மணி அடித்தது. முகத்தை டிவி பக்கம் நேராக வைத்துக்கொண்டார்.

"எவ்ளோ நேரத்துல எழுதுச்சு?"

"ஒன்றர மணி நேரம்கூட ஆவுல."

"நல்ல பிராசசரு" என்றார். பிறகு, "சொல்லு" என்றார்.

"என்னா சொல்றது?"

"இன்னா வருதோ அத சொல்லு."

சொன்னேன். சாமியார் வருகிறார். உங்கள் அம்மா நீலப் புடவையில் முதல் பெஞ்சில். பக்கத்தில் உங்கள் சித்தப்பா, தூங்குகிறார். அம்மா அழுகிறாரா என்று கேட்டார். இல்லை, கைக்குட்டையை மடக்கி மடக்கிப் பிரிக்கிறார் என்றேன். சிரிக்கிறாரா என்றார். உங்களைப் பார்க்கும்போது சிரிக்கிறார் என்றேன். அந்த இடத்தை இன்னொருமுறை போடச் சொன்னார். போட்டேன். அவருக்கு அதில் கேட்பதற்கு ஒன்றும் இல்லை, பாட்டுதான் ஓடியது. ஆனாலும் இன்னொருமுறை போடச் சொன்னார்.

கேக் வந்தது. பையன்கள் கத்துகிற சத்தம் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் வாயைத் திறந்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"இத நீ சொல்ல வேணாம். இது எனக்குத் தெரியுது."

பலூன் உடைந்தது. நான் சும்மா இருந்தேன். அவர் முகம் நாலு நிமிடமும் பார்க்கிறவர் முகமாகவே இருந்தது. எங்கே தூள் ஜாஸ்தியாக விழுமோ அங்கே தலையைக் கொஞ்சம் சாய்த்தார். நுரை என் மேல் படுகிற இடத்தில் சிரித்தார். முடிந்ததும் பழையபடி சாய்ந்துகொண்டார். அந்த நாலு நிமிடத்துக்கு வெளியே அவருக்குத் தன் கல்யாணத்தில் எதுவும் தெரியாது.

"மேடைல நிக்கிறமா?"

"நிக்கிறோம். ஆளுங்க வந்து கை குடுக்குறாங்க."

"நான் உன்னப் பாக்குறனா?"

திரையைப் பார்த்தேன். மிக்ஸ் பண்ணும்போதே பார்த்ததுதான்.

"இல்ல. கேமராவப் பாக்குறீங்க. லைட்ட தூக்கு, தூக்குன்னு கை காட்டுறீங்க."

"முழுசுமா?"

"முழுசும் அப்டித்தான்."

வெளியே தெருவில் யாரோ மோட்டார் போட்டார்கள்.

"அத வெட்டிருக்கலாம்ல நீ."

"வெட்டுனா ஒண்ணும் மிச்சம் இருக்காது."

அவர் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டார். கையை நீட்டினார். நான் எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று தெரியாமல் நாற்காலியின் மறுபக்கம் நீட்டினார். எழுந்து அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தேன். படம் ஓடிக்கொண்டிருந்தது.

"இப்ப?"

"பந்தி" என்றேன். யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று முதல் வரிசையிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.